வரப்போகும் மாற்றத்துக்கு ஆயத்தப்படுவது அவிசுவாசமா?

தேரிக்காட்டான்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்தின் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்த ஒரு வாக்குவாதத்தை இங்கே முன்வைக்கிறேன். அது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய கேள்வியன்று. கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் கணக்கெழுதுதல், பக்க வடிவமைப்பு, மெய்ப்புத் திருத்தம், தொலைபேசி வழி வாடிக்கையாளர் சேவை ஆகிய வேலைகளைச் செய்பவர்கள். செயற்கை நுண்ணறிவு நிரல்கள் இந்த வேலைகளில் ஒரு பெரும்பகுதியைச் செய்யத் தொடங்கிவிட்டதால், இன்னும் சில ஆண்டுகளில் தங்கள் பிழைப்பு என்னவாகும் என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. ஒரு தரப்பினர் மத்தேயு 6:34-ஐ எடுத்து, நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்க, எதிர்காலத்துக்குத் திட்டமிடுவதே விசுவாசக் குறைவு என்றார்கள். மற்றொரு தரப்பினர் நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரத்து எறும்பைக் காட்டி, கோடையில் சேர்க்காதவன் சோம்பேறி என்றார்கள். கூட்டம் ஜெபத்தோடு முடிந்தது, கேள்வி முடியவில்லை.

இவ்விரு வசனங்களும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் கருதவில்லை. யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை முழுவதும் படித்தால் இது விளங்கும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாகக் கிடைத்த மன்னாவில் மறுநாளுக்கென்று மீத்து வைத்தது பூச்சி பிடித்து நாறியது என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே அதிகாரத்தில் சில வசனங்கள் தள்ளி, ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்து மறுநாளுக்கு வைக்கும்படி கட்டளை வருகிறது. அவ்வாறு வைத்தது நாறவில்லை. ஆகவே எடுத்து வைப்பது என்னும் செயல் தன்னளவில் பாவமும் அன்று, புண்ணியமும் அன்று. அதிகாரத்தின் நடுவில் 18-ஆம் வசனம் இருக்கிறது: மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மீந்ததுமில்லை, கொஞ்சமாகச் சேர்த்தவனுக்குக் குறைந்ததுமில்லை. பவுல் பின்னாளில் எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்தபோது கொரிந்தியருக்கு எடுத்துக் காட்டியது இந்த வசனத்தைத்தான் (2 கொரிந்தியர் 8:15).

லூக்கா 12-இல் வரும் ஐசுவரியவானையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கிறேன். பெரிய களஞ்சியம் கட்டத் திட்டமிட்ட அந்த மனிதன் அந்த உவமை முழுவதிலும் தன்னோடு மட்டுமே பேசிக்கொள்கிறான். என் விளைச்சல், என் களஞ்சியம், என் தானியம், என் ஆத்துமா என்பதற்கு அப்பால் அவன் பேச்சில் ஒரு மனைவியோ, வேலையாளோ, அண்டை வீட்டாரோ இல்லை. மதிகேடனே என்று தேவன் அவனை அழைத்ததற்குக் களஞ்சியம் கட்டியது மட்டுமே காரணம் என்றால், பஞ்சத்துக்காக எகிப்தில் தானியம் சேர்த்து வைத்த யோசேப்பையும் அவ்வாறே அழைத்திருக்க வேண்டும்.

வரப்போகும் ஒரு கேட்டை முன்னரே அறிந்த சபை என்ன செய்தது என்பதற்குப் புதிய ஏற்பாட்டில் தெளிவான ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அப்போஸ்தலர் 11-ஆம் அதிகாரத்தின் இறுதியில், அகபு என்னும் தீர்க்கதரிசி அந்தியோகியாவுக்கு வந்து, உலகமெங்கும் கொடிய பஞ்சம் வரப்போகிறது என்று அறிவிக்கிறார். அந்தியோகியாவும் அந்த உலகத்துக்குள் இருக்கும் ஊர்தான். ஆயினும் அச்சபையார் முதலில் தங்கள் குதிர்களை நிரப்பியதாக லூக்கா எழுதவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கதாகப் பணம் சேர்த்து, யூதேயாவில் இருந்த சகோதரருக்குப் பர்னபா, சவுல் இருவரின் கையில் கொடுத்தனுப்பத் தீர்மானித்தார்கள் என்று எழுதுகிறார். அவர்கள் அகபுவின் சொல்லை நம்பினார்கள், செயலிலும் இறங்கினார்கள். ஆனால் தங்களைவிட வலுவற்றவர் யார் என்று தேடி, அங்கிருந்து தொடங்கினார்கள். நம் சபைகள் இந்த முறையை மறந்துவிட்டன என்பது என் கருத்து. உங்கள் எண்ணங்களை அறிய விரும்புகிறேன்.

உபதேசியார் பேரன்

அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம். வேத வசனங்களை நீங்கள் எடுத்தாண்ட விதத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் நடைமுறையில் நான் காண்பது வேறு. ஆயத்தம் என்ற பெயரில் நம் பிள்ளைகள் உறக்கமின்றி ஒரு சான்றிதழ் வகுப்பிலிருந்து மற்றொன்றுக்கு ஓடுகிறார்கள். ஓய்வு நாள் போய்விட்டது, குடும்ப ஜெபம் போய்விட்டது. எதைக் கற்றாலும் அது பழையதாகிவிடும் என்ற பயம் அவர்களை விட்டு நீங்குவதில்லை. இந்தப் பயத்தை விற்றுப் பிழைக்கும் நிறுவனங்களும் பல. பயத்தில் பிறந்த ஆயத்தம் விசுவாசத்தின் கனியாக எப்படி இருக்க முடியும்?

பிரிஸ்டல் நகரத்து ஜார்ஜ் முல்லரை நினைத்துப் பாருங்கள். எந்த மனிதரிடமும் பணம் கேட்பதில்லை என்று தீர்மானித்து, ஜெபத்தில் மட்டும் தேவைகளை அறிவித்து, ஏறத்தாழ 2000 அனாதைப் பிள்ளைகள் தங்கும் அளவுக்கு ஆஷ்லி டவுனில் இல்லங்களை நடத்தினார். அவர் எதிர்கால வருவாய்க்கு என்ன உத்தரவாதம் வைத்திருந்தார்? அந்த வகையான சார்ந்திருத்தல் நம்மிடம் குறைந்துகொண்டே வருவதையே நான் பெரிய ஆபத்தாகக் காண்கிறேன். யாக்கோபு 4:13 முதல் 15 வரையிலான வசனங்கள், நாளை நடப்பது உங்களுக்குத் தெரியாதே என்று வியாபாரத் திட்டம் தீட்டுபவர்களைக் கடிந்துகொள்கின்றன. இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கெழுதும் சகோதரி

சகோதரர் முல்லரைக் குறிப்பிட்டதால் எழுதுகிறேன். அவருடைய ஊழியம் என் தொழிலோடு தொடர்புடையது. முல்லர் மனிதரிடம் பணம் கேட்கவில்லை என்பது உண்மை. அதே முல்லர் வந்த ஒவ்வொரு காணிக்கையையும் கணக்கில் எழுதி ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிட்டார் என்பதும், கடன் வாங்கிக் கட்டடம் எழுப்ப மறுத்து, போதிய பணம் கையில் சேர்ந்த பிறகே கட்டுமானத்தைத் தொடங்கினார் என்பதும் அந்த அளவுக்கே உண்மை. அவருடைய இல்லத்தில் வளர்ந்த ஆண் பிள்ளைகள் தொழில் பழகும் இடங்களில் சேர்க்கப்பட்ட பிறகே அனுப்பப்பட்டார்கள். கோபுரம் கட்ட மனதாயிருப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14:28-இல் ஆண்டவர் சொன்னதை அவர் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார். யாக்கோபின் நிருபமும் திட்டமிடுவதைத் தடுக்கவில்லை. ஆண்டவருக்குச் சித்தமானால் இன்னின்னதைச் செய்வோம் என்று சொல்லச் சொல்கிறது. அந்த வாக்கியத்தின் பிற்பகுதியும் திட்டம்தான்.

என் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதுகிறேன். முன்பு ரசீதுகளை ஒவ்வொன்றாக டாலி என்னும் கணக்குப்பதிவு மென்பொருளில் பதிவதே பகல் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இப்போது ரசீதின் படத்தைக் கொடுத்தால் நிரல் அதை வாசித்து உரிய தலைப்பில் பதிந்துவிடுகிறது. வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டும் தருகிறது. பதிவு வேலைக்கென்றே வைத்திருந்த இளம்பெண்களை எங்கள் பகுதியில் ஒரு நிறுவனம் முன்னறிவிப்பின்றி நிறுத்திவிட்டது. எஞ்சியிருக்கும் வேலை வேறு வகையானது: நிரல் தவறான தலைப்பில் போட்டதைக் கண்டுபிடிப்பது, ஜிஎஸ்டி அலுவலகத்திலிருந்து வரும் நோட்டீசுக்குப் பதில் எழுதுவது, கடைக்காரர் முன்னால் உட்கார்ந்து அவருடைய லாபம் எங்கே கரைகிறது என்று அவருக்குப் புரியும்படி சொல்வது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு நேரம் கிடைத்தது, என் வீட்டில் இன்னொரு வருவாய் இருந்ததால். நிறுத்தப்பட்ட பெண்களில் ஒருத்திக்குப் படுக்கையில் இருக்கும் தாயும் பள்ளிக்குச் செல்லும் தம்பியும் இருக்கிறார்கள். அவளிடம் போய் எறும்பைப் பார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயத்தப்படுவதற்கே ஒரு மிச்சம் தேவைப்படுகிறது. அந்த மிச்சம் இல்லாதவர்களைப் பற்றி இரு தரப்பினருமே பேசவில்லை என்பதுதான் என் வருத்தம்.

தேரிக்காட்டான்

சகோதரி சொன்னது விவாதத்தின் மையத்தைத் தொடுகிறது. நம்முடைய பிரசங்கங்களில் யோசேப்பு எப்போதும் வெற்றி பெற்ற திட்டமிடுபவராகவே வருகிறார். செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமித்து, பஞ்சமான ஏழு ஆண்டுகளில் தேசத்தைக் காப்பாற்றினார் என்று ஆதியாகமம் 41-ஐப் படித்துவிட்டு வேதாகமத்தை மூடிவிடுகிறோம். 47-ஆம் அதிகாரத்தை யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. பஞ்சம் நீடித்தபோது எகிப்தியர் முதலில் பணத்தைக் கொடுத்துத் தானியம் வாங்கினார்கள். பணம் தீர்ந்ததும் ஆடுமாடுகளைக் கொடுத்தார்கள். அதுவும் தீர்ந்ததும் நிலத்தையும் தங்களையும் பார்வோனுக்கு விற்றார்கள். அவர்கள் உயிர் பிழைத்தார்கள். ஆனால் தாங்களே விளைவித்த தானியத்துக்காக அடிமைகளானார்கள். களஞ்சியத்தின் திறவுகோல் ஒரே கையில் இருந்ததன் விளைவு அது. எதிர்காலத்தை முன்னறியும் திறமை ஒருவரிடமும், அதற்கான கருவிகள் அவரிடமே குவிந்தும் இருக்குமானால், ஆயத்தமே மற்றவர்களுக்குக் கண்ணியாகிவிடக்கூடும். இன்று கணினி நிரல்களை உடைமையாக வைத்திருப்போருக்கும் அவற்றால் வேலை இழப்போருக்கும் இடையே வளர்ந்துவரும் உறவைப் பார்க்கும்போது இந்த அதிகாரம் எனக்கு அச்சமூட்டுகிறது.

நம் திருநெல்வேலிச் சபைகளுக்கு இதில் ஒரு வரலாறு உண்டு. முதலூர் என்னும் கிராமம் 1799-இல் உருவானதே, ஊரில் வாழவிடாமல் துரத்தப்பட்ட விசுவாசிகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான். மிஷனரியான ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த பின், இத்தகைய குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தத் தர்ம சங்கம் ஏற்பட்டது. சிற்றூர்ச் சபைகளில் போதித்துவந்த உபதேசியார்கள் இறந்தால் அவர்களுடைய மனைவியர் தெருவில் நிற்கக்கூடாது என்று விதவைகள் நிதியும் அந்தக் காலத்திலேயே தொடங்கியது. ஆயுள் காப்பீடு என்பது நம் சிற்றூர்களில் யாரும் அறியாத காலத்தில், தலைக்கு இவ்வளவு என்று செலுத்தி, எந்தக் குடும்பத்துக்கு முதலில் இழப்பு வரும் என்று தெரியாத நிலையிலேயே எல்லோரும் சேர்ந்து ஆயத்தப்பட்டார்கள். இதை அவிசுவாசம் என்று அன்று எந்த உபதேசியாராவது சொல்லியிருப்பாரா?

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது நாசரேத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1876-இல் அங்கு வந்த மிஷனரி மர்காஷியஸ் ஐயர், பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சேர்த்துச் சோறு போட்டதோடு நின்றிருக்கலாம். 1878-இல் அவர்களுக்காக ஒரு கைத்தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அக்காலத்தில் அப்பகுதியின் பெரும்பாலான குடும்பங்கள் பனையை நம்பியே இருந்தன. பதநீர் ஆண்டு முழுவதும் சுரப்பதன்று. பருவம் முடிந்தால் அடுத்த பருவம் வரை கருப்பட்டி வியாபாரியிடம் கடன்பட்டே காலம் தள்ள வேண்டும். தச்சும் தையலும் அறிந்த ஒரு பிள்ளைக்கு அந்தக் கடன் சங்கிலியிலிருந்து வெளியேற ஒரு வழி பிறந்தது. இடையன்குடியில் எலைசா கால்டுவெல் அம்மையார் பெண்களுக்குக் கற்பித்த லேஸ் பின்னலும், அதற்கு முன்பே 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிய லேஸ் பள்ளியும் அவ்வாறே பெண்களின் கையில் சொந்தப் பணத்தைக் கொடுத்தன. நாகர்கோவிலில் அடிமைப்பட்டிருந்த சில பெண்கள் அந்த வருமானத்தால் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம், ஊசியும் நூலும் எவ்வளவு பெரிய நற்செய்தியாக இருந்திருக்கின்றன என்று எண்ணுகிறேன்.

இந்த வரலாற்றில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. பள்ளிக்கூடம் நம்மைப் பனையிலிருந்து விடுவித்ததோடு, பனையை இழிவாகப் பார்க்கவும் கற்றுக்கொடுத்துவிட்டது. தளைநாரும் பாளை அரிவாளும் எடுத்து, பாளையைக் கடிப்பு என்னும் இடுக்கியில் நெரித்துச் சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவி வைக்கும் அந்த நுட்பத்தை எங்கள் ஊரில் அறிந்தவர்கள் இன்று முதியவர்கள் மட்டுமே. கருப்பட்டிக்கு இப்போது நல்ல விலை கிடைக்கிறது. ஏற ஆள் இல்லை. புதியதற்கு ஆயத்தப்படுத்தும்போது தகப்பனின் தொழிலை வெட்கத்துக்குரியதாக்கும் ஆயத்தம் அரைகுறையானது. உபதேசியார் பேரன் அஞ்சும் அந்த ஓட்டத்துக்கு ஒரு வேர் இங்கேயும் இருக்கிறது.

மெய்ப்பு நோக்குபவர்

எனக்கு வயது 54. அச்சகத்தில் ஈய எழுத்து அடுக்கும் வேலையில் சேர்ந்தேன். தொண்ணூறுகளில் டிடிபி என்னும் கணினி வழி அச்சுக்கோப்பு வந்தபோது எங்கள் அச்சகத்தில் அச்சுக்கோப்பு அறையே மூடப்பட்டது. அங்கே இருந்தவர்களில் புதிய வேலைக்கு மாறியவர்கள் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் அல்லர். மாலை வேளையில் கணினி முன் உட்கார்ந்து பழக யாராவது இடம் கொடுத்தவர்கள் மட்டுமே மாறினார்கள். எனக்கு அந்த இடத்தைக் கொடுத்தவர் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு மூத்தவர்; தம்முடைய சொந்தக் கணினியைத் தந்தார், கட்டணம் வாங்கவில்லை. என்னோடு எழுத்து அடுக்கியவர்களில் சிலர் என்னைவிட வேகமானவர்கள். அவர்களுக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை, காவலாளி வேலைக்குப் போனார்கள்.

இப்போது எழுத்துப்பிழையை நிரல் திருத்துகிறது. ஆனாலும் ஒரு நூலில் ஆண்டும் ஊரும் ஓரிடத்தில் ஒன்றாகவும் வேறோர் இடத்தில் மற்றொன்றாகவும் இருப்பதையும், நிரல் துணிந்து எழுதிவிட்ட பொய்ச் செய்தியையும் கண்டுபிடிக்க இன்னும் என்னைப் போன்றவர்கள் தேவைப்படுகிறார்கள். எத்தனை காலத்துக்கு என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மீண்டும் மாற வேண்டியிருந்தால் மாறுவேன். அன்று ஒருவர் எனக்குச் செய்ததை இன்று நான் யாருக்குச் செய்கிறேன் என்பதே என் ஜெபத்தில் இப்போது இருக்கும் கேள்வி.

முட்டத்துக்காரி

நான் கத்தோலிக்கக் கடலோரத்தைச் சேர்ந்தவள். அண்ணன் அகபுவைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் நினைவுக்கு வந்தது. எச்சரிக்கை கரைக்கு வந்து சேர்ந்த நேரத்தில் தூத்தூர் பகுதியின் ஆழ்கடல் விசைப்படகுகள் பல நாள் பயணமாக நெடுந்தொலைவில் இருந்தன. அவற்றுக்கு அந்தச் செய்தியைக் கொண்டுசேர்க்க வழியே இருக்கவில்லை. குமரிக் கடற்கரையிலும் கேரளத்திலும் அதன் பிறகு எத்தனை வீடுகளில் இறுதித் திருப்பலிகள் உடல் இல்லாமலே நடந்தன என்பதை இங்கே விரித்து எழுத எனக்கு மனம் இல்லை. கரைத் தொடர்பு எல்லைக்கு அப்பால் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவிகளைப் பற்றி அதன் பிறகுதான் பேச்சு வலுத்தது. ஆகவே வரப்போவதை ஒருவர் அறிந்திருப்பது மட்டும் போதாது. மிகத் தொலைவில் இருப்பவரின் காதில் அது விழ வேண்டும். வேலை மாற்றத்துக்கும் இதுவே பொருந்தும். சென்னையிலும் பெங்களூரிலும் ஐந்தாண்டுகளாகப் பேசப்படுவது, எங்கள் ஊர்ப் பெண்கள் வேலை செய்யும் அலுவலகங்களில் வேலைநீக்கக் கடிதமாகத்தான் முதன்முதலில் வந்து சேருகிறது.

எங்கள் திருச்சபை இதில் வாய் திறக்காமல் இருக்கவில்லை. தொழிற்சாலைகள் தொழிலாளரை நசுக்கிய காலத்தில், 1891 மே 15 அன்று, திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலை வெளியிட்டு, குடும்பத்தோடு வாழப் போதுமான கூலியையும் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும் வலியுறுத்தினார். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, தாம் லியோ என்ற பெயரை ஏற்றதற்கு அந்தச் சுற்றுமடலை ஒரு காரணமாகச் சொல்லி, செயற்கை நுண்ணறிவு மனித உழைப்பின் மாண்புக்கும் நீதிக்கும் முன்வைக்கும் சவாலை அதனோடு இணைத்துப் பேசினார். இரண்டாம் ஜான் பால் 1981-இல் எழுதிய 'லபோரெம் எக்செர்சென்ஸ்' மடலும், மனிதர் உழைப்புக்காக அல்ல, உழைப்பே மனிதருக்காக என்ற அடிப்படையில் நிற்கிறது.

ஆனால் எங்கள் கரையில் மடல்களைவிட ஆழமாக வேலை செய்தவை மீனவர் சங்கங்கள். முன்பு படகுக்கும் வலைக்கும் கடன் கொடுத்த வியாபாரியே மீனின் விலையையும் முடிவு செய்வார். கடன் தீரும் நாள் வராது. எழுபதுகள் தொடங்கி ஊர் ஊராக எழுந்த சங்கங்களும், 1980-இல் அவற்றின் கூட்டமைப்பாக உருவான சிப்ஸ் அமைப்பும் அந்த முறையை மாற்றின. பிடித்து வரும் மீனைச் சங்கமே ஏலம் விடுகிறது. அன்றைய விற்பனையில் ஒரு பங்கு கடனுக்கும் ஒரு சிறு பங்கு சேமிப்புக்கும் போகிறது. மீன் படாத நாளில் கடனுக்கென்று யாரும் எதையும் பிடித்துக்கொள்வதில்லை. மரம் கிடைப்பது அரிதாகி, பழைய கட்டுமரமும் வள்ளமும் செய்வது கடினமானபோது, முட்டத்தில் பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே என்பவரின் முயற்சியால் ஒட்டுப்பலகைப் படகு கட்டும் பட்டறை உருவானது. உள்ளூர் இளைஞர் அங்கே படகு கட்டக் கற்றார்கள். ஒரு தொழிலின் அடிப்படைப் பொருளே மாறிப்போனபோது அந்தத் தொழிலைச் செய்பவர்கள் கரையைவிட்டு விரட்டப்படாமல் இருந்தார்கள். இதை நான் விசுவாசத்தின் செயலாகவே பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆயர்

பிள்ளைகளே, உங்கள் உரையாடலைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். மத்தேயுவிலும் லூக்காவிலும் வரும் வசனங்களை நன்றாக எடுத்துப் பேசினீர்கள். எரேமியா 32-ஐ யாரும் தொடாததால் அதை நான் எழுதுகிறேன்.

பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறார்கள். நகரம் விழப்போகிறது என்று அறிவித்ததற்காகவே எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். பகைவர் சூழ்ந்திருக்கும் நாட்டில் அந்த நிலத்துக்கு என்ன விலை இருக்க முடியும்? எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி முத்திரை போடுகிறார், முத்திரை போட்டதையும் திறந்திருக்கும் நகலையும் மண்பாண்டத்தில் வைத்து நெடுநாள் பாதுகாக்கும்படி தம் எழுத்தரான பாருக்கிடம் கொடுக்கிறார். இழப்பு வரும் என்பதை மறைக்காதவர்தான் இதைச் செய்தார். ஒன்றும் ஆகாது என்று ஆறுதல் சொன்ன தீர்க்கதரிசிகள் எவரும் நிலம் வாங்கியதாக எழுதப்படவில்லை. விசுவாசி எதிர்காலத்தைப் பற்றி உண்மை பேசவும் வேண்டும், அந்த எதிர்காலத்துக்குள் முதலீடும் செய்ய வேண்டும் என்று நான் இந்தப் பகுதியிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

இதே கருத்தைச் சொல்ல, நாளை உலகம் அழிந்தாலும் இன்று ஆப்பிள் மரம் நடுவேன் என்று மார்ட்டின் லூத்தர் சொன்னதாகப் பல மேடைகளில் எடுத்துக்காட்டுவார்கள். லூத்தரின் எழுத்துகளில் அது இல்லை. எழுத்தில் அது முதன்முதலில் கிடைப்பதே 1944-இல்தான். நம்மிடம் எரேமியா இருக்கும்போது அந்த மேற்கோள் தேவையும் இல்லை.

தெசலோனிக்கேயருக்கு எழுதியதையும் கவனியுங்கள். வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவுங்கூடாது என்ற வாக்கை வேலை இழந்தவர்கள்மேல் எறிவதைச் சபைகளில் கேட்டிருக்கிறேன். மனமில்லாதவனைப் பற்றித்தான் பவுல் எழுதினார். வழியில்லாதவனைப் பற்றி அன்று. கூடாரம் செய்யும் தொழிலை அறிந்திருந்த பவுல், கொரிந்துவில் அதே தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கி வேலை செய்தார். அவர்கள் இருவரும் ரோமிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்கள். அந்தத் தொழில் அவர்களுக்குப் பிழைப்பும் ஆனது, சபை கூடும் வீடும் ஆனது.

உபதேசியார் பேரன்

ஐயா அவர்களுக்கு நன்றி. எரேமியாவின் பத்திரத்தைப் பற்றி வாசித்தபின் என் நிலைப்பாட்டைச் சற்று விரிவாக்கிச் சொல்ல விரும்புகிறேன். பயத்திலிருந்து பிறக்கும் தனிமனித ஓட்டத்தை நான் இன்னும் எதிர்க்கிறேன். ஆனால் சங்கமும் விதவைகள் நிதியும் மாலைநேரக் கணினியும் அந்த ஓட்டத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது அது. என் கேள்வி இனி நடைமுறை சார்ந்தது. எங்கள் சேகரத்தில் அசனம் என்னும் சபை விருந்துக்கும் ஆலயக் கோபுரத்துக்கும் பணம் சேர்கிறது. வேலை இழந்து புதியதைக் கற்கும் ஒருவருக்கு மூன்று மாத அரிசியும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கொடுக்க ஒரு நிதி வேண்டும் என்று கேட்டால், அது சபையின் வேலையா என்பார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அதோடு, அத்தகைய நிதி சபை உறுப்பினர்களுக்கு மட்டுமா, ஊராருக்கும் உண்டா?

கணக்கெழுதும் சகோதரி

முதல் கேள்விக்குத் தேரிக்காட்டான் அண்ணாச்சி ஏற்கெனவே பதில் எழுதிவிட்டார்: தர்ம சங்கமும் விதவைகள் நிதியும் சபையின் வேலையாக இருந்தன என்றால் இதுவும் சபையின் வேலையே. நிதியைக் கையாளும் முறையைப் பற்றி என் தொழில் சார்ந்து சிலவற்றைச் சொல்கிறேன். வேலையில் இருக்கும்போதே ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்ப மாதந்தோறும் சிறிது செலுத்த வேண்டும். அந்தியோகியாவில் அவரவர் திராணிக்குத் தக்கதாக என்று இருப்பதால் எல்லோருக்கும் ஒரே தொகை என்ற விதி வேண்டாம். பெறுபவரின் பெயர் சபையில் வாசிக்கப்படக்கூடாது; வரவும் செலவும் மட்டும் ஒவ்வொரு காலாண்டிலும் வாசிக்கப்பட வேண்டும். பணம் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கக்கூடாது. வட்டிக்குக் கடனாகவும் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் ஆதியாகமம் 47 நம் ஆலயத்துக்குள்ளேயே நடந்துவிடும்.

ஊராருக்கும் உண்டா என்ற இரண்டாம் கேள்விக்கு என் பதில், உண்டு என்பதே. கலாத்தியர் 6:10 விசுவாச வீட்டாருக்கு முன்னுரிமை தருகிறது. அதற்கு முன்பே யாவருக்கும் நன்மை செய்யச் சொல்லிவிடுகிறது. நான் முன்பு குறிப்பிட்ட அந்தப் பெண் நம் சபையைச் சேர்ந்தவள் அல்லள். மாலையில் என் வீட்டில் அவளுக்கு ஜிஎஸ்டி பதில்கள் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். அவள் தாயைப் பார்த்துக்கொள்ள எங்கள் பெண்கள் ஐக்கியத்திலிருந்து முறை வைத்துப் போகிறார்கள். அவர்கள் போகாவிட்டால் அவளால் வகுப்புக்கே வர முடியாது.

மெய்ப்பு நோக்குபவர்

சகோதரி சொல்வதுபோல் விதிகளை எழுதுவதாக இருந்தால் வரைவைத் தயாரிக்க நான் உதவுகிறேன். எங்கள் சேகர மன்றத்தின் அனுமதி கிடைத்தால், ஆலய வளாகத்தில் பூட்டிக் கிடக்கும் பழைய வாசகசாலையில் இரண்டு கணினிகளை வைத்து, வாரத்தில் சில மாலைகளில் நானே உட்கார முடியும். பனை ஏறத் தெரிந்த பெரியவர்கள் எங்கள் ஊரிலும் இருவர் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்க விரும்பும் பிள்ளைகளுக்கும் அதே நிதியிலிருந்து உதவித்தொகை உண்டு என்று விதியில் ஒரு வரி சேர்க்கலாமா? அண்ணாச்சி, உங்கள் சேகரத்தில் இதை எப்படித் தொடங்குகிறீர்கள் என்று தெரிவியுங்கள்.

தேரிக்காட்டான்

அந்த வரியைக் கட்டாயம் சேருங்கள். எங்கள் சேகர மன்றம் வரும் மாதத்தில் கூடுகிறது. வாலிபர் ஐக்கியத்தில் வாதிட்ட இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் சேர்ந்து விண்ணப்பத்தை எழுதியிருக்கிறார்கள். எந்தெந்த வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள், எது முதலில் பாதிக்கப்படும், யார் எதைக் கற்றுக்கொடுக்க முடியும் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும் பணியை அவர்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டார்கள். முதலில் எந்த வீடுகளுக்குப் போக வேண்டும் என்று கேட்டார்கள். ஒரே ஒரு வருவாயில் நடக்கும் வீடுகளிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன். சகோதரி எழுதிய நிதி விதிகளை அச்சிட்டு மன்றத்தில் வைக்கிறேன். மறுப்பு எழுந்தால் அதையும் இங்கே பதிகிறேன்.